அடித்தல் திருத்தல்

2016 அக்டோபரில் லினக்ஸ் கர்னலில் சேர்க்கப்பட்ட ஒரு திருத்தத்தின் குறிப்பைப் பற்றி எழுதப்போகிறேன். மொத்தமே சில பத்திகள்தான். எழுதியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். இதை விமர்சனக் கட்டுரை என்று சொன்னால் சிரிப்பீர்கள். ‘கவிதைக்கே விமர்சகன் கிடைக்கல, இதுல கர்னல் பேட்சுக்கு ஒருத்தனா’ என்று நண்பர் ஒருவர் கேட்டேவிட்டார். இருக்கட்டும். பத்து வருடமாகத் தினமும் நான் வாசிக்கும் உரைநடை இதுதான். நாவல்களைவிட அதிகமாக வாசித்திருக்கிறேன். அதில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு, பொய்யும் உண்டு. பொய்களில் ஒன்று நான் எழுதியது.

கணினியைத் திறந்ததும் விழித்து, மூடும்வரை தூங்காமல் இருக்கும் நிரல்தான் கர்னல். மெமரி, திரை, வலை, கோப்பு எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது அது. அதில் ஒரு வரியை மாற்றினால், ஏன் மாற்றினேன் என்று மாற்றியவர் கூடவே எழுதவேண்டும். கமிட் குறிப்பு என்பார்கள். லினக்ஸில் அப்படி லட்சக்கணக்கான குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன. எவரும் இலக்கியமாக எழுதியதில்லை. ஆனால் ஒரு மனிதர் தன் பிழையைப் பற்றி, தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதும் வடிவம் வேறெங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

*

முதலில் சிக்னல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது குன்னூரில். வீட்டிலிருந்து நடந்தால் ஸ்டேஷன் பக்கம். கல்லாரிலிருந்து குன்னூர் வரைக்கும் மலை ரயில் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். இஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே ஓட்டுநருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார், அடுத்தவர் அதைப் பார்த்துத் தானும் காட்டுவார், அப்படியே இஞ்சின் வரை போகும். நடுவில் ஒருவர் பார்க்காமல் விட்டால்?

யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில், 1975இல், சிக்னல்கள் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை நடுவில் தட்டிக்கூப்பிட கர்னல் அனுப்பும் சேதி சிக்னல். ஒவ்வொரு நிரலுக்கும் அந்தச் சேதியை வைக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. முதல் சேதியைப் பார்ப்பதற்குள் இரண்டாவது வந்தால் முதலாவது அழிந்துபோகும். இன்னொன்று: சேதி வந்தால் இந்த வேலையைச் செய் என்று நிரல் சொல்லிவைத்திருந்தாலும், ஒருமுறை சேதி வந்ததும் ஒன்றிரண்டு வகை தவிர மற்றவற்றுக்குக் கர்னல் அந்த ஏற்பாட்டை அழித்துவிடும். திரும்பச் சொல்லிவைப்பதற்குள் அடுத்தது வந்தால் நிரல் செத்துப்போகும். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி இதைச் சரிசெய்தது. சிக்னல்களைத் தற்காலிகமாகத் தடுத்து வைக்கவும், பிறகு ஒழுங்காகக் கொண்டுசேர்க்கவும் வழி வந்தது.

அந்த ஆறாம் பதிப்புக்கு உரை எழுதியவர் ஜான் லயன்ஸ், ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர். ‘உரை’ என்று தெரிந்துதான் சொல்கிறேன். சேனாவரையர் சூத்திரத்துக்கு எழுதியதுபோல, சுமார் ஒன்பதாயிரம் வரி நிரலுக்கு 1977இல் வகுப்புக்காக எழுதினார். ஏழாம் பதிப்பு வந்தபோது நிரலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கக் கூடாதென்று ஏடி அண்ட் டி நிறுவனம் உரிமத்தில் தடை போட்டது. அதன்பிறகு அந்த உரை ஒளிநகலின் ஒளிநகலாகப் பல வருடம் உலகம் முழுக்கச் சுற்றியது. 1996இல்தான் முறையாக அச்சானது. நான் வாசித்த பிரதியில் சில பக்கங்களில் மை பரவி எழுத்தே தெரியாது. ஏட்டில் பூச்சி அரித்த இடம் மாதிரி.

அந்த நிரலில் ஒரு நிரல் விட்டு இன்னொரு நிரலுக்கு மாறும் இடத்தில் ஒரு குறிப்பு உண்டு. இது உனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை என்கிற பொருளில் ஒற்றை வரி. உலகத்திலேயே புகழ்பெற்ற நிரல் குறிப்பு அதுதான். டி-ஷர்ட்டில் எல்லாம் அச்சடித்தார்கள். எனக்கும் கல்லூரியில் அது வேதவாக்கு. மேதைகளின் அலட்சியம் என்று நினைத்தேன். பின்னால் டென்னிஸ் ரிட்சியே விளக்கம் எழுதினார்: ‘இது பரீட்சையில் வராது’ என்கிற அர்த்தத்தில் எழுதியது, ஆணவமாக இல்லை, அதோடு, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று. அந்த ஏற்பாட்டில் கோளாறு இருந்தது, ஏழாம் பதிப்பில் மாற்றிவிட்டார்கள்.

விமர்சகனாக எனக்கு முக்கியம் அந்தப் புகழ்பெற்ற வரி இல்லை, பின்னால் வந்த விளக்கம்தான். முதலாவது வாசகனை வெளியே நிறுத்துகிறது. இரண்டாவது எழுதியவனையும் வாசகனோடு சேர்த்து வெளியே நிறுத்துகிறது. ஆனால் டி-ஷர்ட்டில் ஏறியது முதலாவதுதான்.

*

2016க்கு வருகிறேன். அந்தப் பிழைக்கு ‘டர்ட்டி கவ்’ என்று பெயர். ஒரு கோப்பை நீங்கள் வாசிக்கலாம், எழுதக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்னல் அதை உங்கள் மெமரியில் காட்டும். நீங்கள் எழுத முயன்றால் உங்களுக்கென்று ஒரு நகல் எடுத்து, அதில் எழுத விடும். மூலம் அப்படியே இருக்கும். இப்போது ஒரு கை எழுதுகிறது, இன்னொரு கை ‘அந்த நகல் வேண்டாம், வீசு’ என்கிறது. நகல் எடுத்து முடித்த நொடிக்கும் எழுதும் நொடிக்கும் நடுவில் நகல் வீசப்பட்டால், நகலில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு கர்னல் மூலத்திலேயே எழுதிவிடும். சாதாரணப் பயனர் ஒருவர் கணினி முழுக்க ஆளும் அதிகாரத்தை எடுத்துக்கொள்ள அது போதும்.

லினஸின் குறிப்பு என்ன சொல்கிறது? இது பழைய பிழை. பதினோரு வருடத்துக்கு முன்னால், 2005இல், தானே இதைத் திருத்த முயன்றதாகச் சொல்கிறார். அடைப்புக்குள் ஒற்றைச் சொல்லில், அதை மோசமாகச் செய்ததாகவும் சொல்கிறார். ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளில் அந்தத் திருத்தம் சிக்கல் கொடுத்ததால் திரும்ப எடுக்கப்பட்டது. எடுத்த இடத்தின் எண்ணையும் தருகிறார். எஸ்390 சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது, ஆனால் யாரும் திரும்பி வரவில்லை. அன்றைக்கு ஏட்டளவில் மட்டும் சாத்தியமாக இருந்த பிழை, கர்னலின் மெமரிப் பகுதி அதிகச் சுமையைத் தாங்கும்படி மேம்பட்டதால் இப்போது எளிதாக நிகழ்கிறது. இவ்வளவுதான்.

திருத்தம் என்ன தெரியுமா? ஒரு கொடி. நகல் எடுத்தாயிற்று என்பதைக் குறித்துவைக்கும் ஒரு கொடி. எழுதும் முன்னால் அந்த நகல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்னலுக்கு ஞாபகம் இல்லாமல் போனதுதான் பிழை. கர்னலை எழுதியவர்களுக்கும் அதே பிழைதான்.

இந்தக் குறிப்பின் அழகு, தன்னிரக்கம் எதுவும் இல்லாதது. மன்னிப்புக் கேட்கவில்லை, மார்தட்டவுமில்லை. தன் பெயரைப் பிழையின் வரலாற்றில் ஒரு தேதிபோல எழுதுகிறார். நம் சுயசரிதைகளில் ‘நான் தவறிழைத்தேன்’ என்று வரும் இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வாக்கியம் அடுத்த வாக்கியத்தில் தன்னைத் தூக்கிக்கொள்ளும். இங்கே அடுத்த வாக்கியம் எஸ்390 பற்றியது.

குறையும் உண்டு. அந்தப் பதினோரு வருடத்தில் யார் வீட்டுக் கதவு திறந்துகிடந்தது என்று அந்தக் குறிப்பில் ஒரு சொல் இல்லை. பில் ஓஸ்டர் என்பவர் தன் கணினிக்கு வந்த வலைப் போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்திருந்தார். யாரோ உள்ளே நுழைந்து இந்தப் பிழையைப் பயன்படுத்தியது அதில் கிடைத்தது. அப்படித்தான் இது வெளியே வந்தது. அதாவது திருத்தம் வருவதற்கு முன்பே கெட்டவர்கள் வாசித்துவிட்டார்கள். பாதுகாப்புப் பிழையும் எல்லாப் பிழையையும்போல ஒரு பிழைதான் என்பது லினஸின் நெடுநாள் நிலைப்பாடு. நிரலுக்கு அது சரி. உரைநடைக்கு அது கொஞ்சம் குளிர்ச்சி.

*

இதே கதை இன்னொரு இடத்தில் இன்னும் கச்சிதமாக நடந்தது. ஓப்பன்எஸ்எஸ்எச், தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையப் பயன்படும் நிரல். இது கர்னலுக்கு வெளியே ஓடுவது, ஆனால் சிக்னல் அனுப்புவது கர்னல். நுழைய வருபவர் 120 விநாடிக்குள் அடையாளம் காட்டாவிட்டால் அலாரம் சிக்னல் வரும். அது வந்ததும் நிரல் செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டு, பதிவேட்டில் ஒரு வரி எழுதப் போகும். எழுத மெமரி வேண்டும். ஆனால் சிக்னல் வந்த நேரத்தில் நிரல் மெமரியைப் பிரித்துக்கொண்டிருந்தால்? கணக்கு பாதியில் நிற்கிறது, அந்தப் பாதிக் கணக்கின் மேலேயே இன்னொரு கணக்கு தொடங்குகிறது.

2006இல் மார்க் டவுட் இதைக் கண்டுபிடித்தார். திருத்தினார்கள். 2020 அக்டோபரில் பதிவெழுதும் பகுதியைச் சீரமைக்கும்போது ஒரு காவல் வரி தவறுதலாக நீக்கப்பட்டது. ஆபத்தில்லாமல் எழுத முடிந்தால் மட்டும் எழுது என்று சொல்லிக்கொண்டிருந்த வரி அது. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் அதைக் கண்டு சொன்னது. 32-பிட் லினக்ஸில் சராசரியாகப் பத்தாயிரம் முறை முயன்றால் உள்ளே போய்விடலாம் என்று செய்தே காட்டினார்கள். ஓப்பன்பிஎஸ்டியில் ஆபத்தில்லை. சிக்னலுக்கு நடுவிலும் பத்திரமாகப் பதிவெழுதும் வழியை அவர்கள் 2001லேயே செய்துவைத்திருந்தார்கள்.

2005இல் திருத்தி, எடுத்துவிட்டு, 2016இல் திரும்ப வந்தது ஒன்று. 2006இல் திருத்தி, 2020இல் எடுத்துவிட்டு, 2024இல் திரும்ப வந்தது இன்னொன்று. இரண்டாவதில் திருத்தம் தோற்கவில்லை. அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது, கைவைத்த நேரத்தில் கைவைத்தவரின் கண்ணில் படவில்லை.

*

பாதிக் கணக்கு என்றால் என்ன என்று எனக்கு அம்மாதான் முதலில் சொல்லிக்கொடுத்தார். அம்மா பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம். 1964 ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர். இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்தார். சாயங்காலம் எடை போடும் இடத்தில் வரிசை நிற்கும். கணக்குப்பிள்ளை ஆள் பேரைச் சொல்லி எடையைச் சொல்லி நோட்டில் எழுதுவார். மழை நாளில் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்.

ஒருநாள் அம்மா பேருக்கு நேரே எழுதிக்கொண்டிருக்கும்போது ஃபேக்டரியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் எழுந்து போனார். வேறொருவர் வந்து உட்கார்ந்து, அடுத்த ஆளின் எடையை அந்தப் பாதி எழுதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டார். கடைசியில் இரண்டையும் அடித்து வேறொரு எண் போட்டிருந்தது. அம்மாவுக்கு எட்டு கிலோ போச்சு. சம்பள நாளில்தான் தெரிந்தது.

சிக்னலையும் மெமரியையும் அம்மாவுக்கு நான் விளக்க முயன்றபோது அவர் இந்தக் கதையைச் சொன்னார்.

“அந்தாளு திருடல தம்பி. அது எனக்குத் தெரியும். அடிச்சாரே, எதுக்கு அடிச்சாருன்னு பக்கத்துல ஒரு வரி எழுதியிருந்தா நான் போய்க் கேட்டிருப்பேன்ல. ஒண்ணுமே எழுதல. எதைக் காட்டிக் கேக்குறது?”

பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது ‘அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது’ என்று. அதற்குத் தனியாக மதிப்பெண் வேறு. பத்திரத்திலும் விண்ணப்பத்திலும் அதேதான். திருத்தியது தெரியக் கூடாது. ஆனால் நம் மொழியின் பெரிய பதிப்பாசிரியர் இதற்கு நேரெதிராக நடந்தார். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது உ.வே.சாமிநாதையர், ஏடுகளில் வேறுபட்ட சொற்களைச் சத்தமில்லாமல் சமன்செய்துவிட்டுப் போகாமல் பாடபேதங்களைக் குறித்துவைத்தார். நான் இதைத் தேர்ந்தேன், நீ வேறு தேர்வாயானால் இதோ மற்றது என்று. நல்ல கமிட் குறிப்பு அதைத்தான் செய்கிறது.

*

இனி என் பொய்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் கேமரா கருவி ஒன்றுக்குக் கர்னல் டிரைவர் எழுதினேன். படம் வரும்வரை நிரல் காத்திருக்கும். கருவி நேரடியாக மெமரியில் எழுதும். காத்திருக்கும்போது பயனர் நிறுத்து என்றால் சிக்னல் வரும். என் டிரைவர் காத்திருப்பை விட்டுவிட்டு, அந்த மெமரித் துண்டை விடுவித்து வெளியே வந்துவிடும். கருவிக்கு யாரும் சொல்லவில்லை. அது இன்னும் எழுதிக்கொண்டிருக்கும், இப்போது வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்ட இடத்தில். வாடகைக்கு வேறு ஆள் வந்த வீட்டில் பழைய ஆள் சாவி போட்டு நுழைகிற மாதிரி. நூறு முறையில் ஒருமுறை எங்கேயோ, சம்பந்தமே இல்லாத ஒரு நிரல் விழும்.

மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்தேன். ஒரே வரி: சிக்னல் வந்தால் முதலில் கருவியை நிறுத்து, நின்றதா என்று பார், பிறகு விடுவி. குறிப்பில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘சிறு ஒழுங்குபடுத்தல்.’ அந்த மாதம் என் வேலைக்கு மதிப்பீடு இருந்தது. மூன்று மாதமாக வாடிக்கையாளர்கள் திட்டிக்கொண்டிருந்த கோளாறு என்னுடையது என்று எழுத மனம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, கேமராவை மூடும்போது தாமதமாகிறது என்று புகார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தேடிப்பார்த்து அந்த வரியை நீக்கினாள். அவள் செய்தது சரிதான். குறிப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள், ஒழுங்குபடுத்தல் என்றிருக்கிறது. பிழை திரும்ப வந்தது. கூட்டத்தில் அவளைக் கேட்டார்கள், “யோசிக்காம எடுத்துட்டீங்களா?” நான் அந்த அழைப்பில் இருந்தேன். மைக்கை மூடி வைத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை.

*

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மனிதர்களின் குறிப்பை ஏன் நம்ப வேண்டும்? இயந்திரத்துக்கே சொல்லிக்கொடுத்துவிட்டால்? சென்னை ஐஐடியின் சக்தி செயலித் திட்டத்தில் 2019இல் ஒரு குழு அதைச் செய்து காட்டியது. ஒரு சுட்டி எதுவரை எட்டலாம், அது காட்டும் இடம் இன்னும் உயிரோடிருக்கிறதா என்று செயலியே சோதிக்கும். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1இல் ரஸ்ட் மொழிக்கு இடம் கிடைத்தது. இந்த வகைப் பிழைகள் பலவற்றைத் தொகுக்கும்போதே தடுத்துவிடும் மொழி அது. இன்னும் முன்னால், 2002இல், ஐபிஎம்மின் இந்தியக் கிளையிலிருந்து தீபங்கர் சர்மா லினக்ஸில் ஆர்சியு என்ற முறையைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு வகித்தார். பழைய பிரதியை வாசித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் முடிக்கும்வரை அதை அழிக்காமல் காத்திருப்பது அதன் சாரம். எனக்கு மிகவும் பிடித்த கருத்து அது.

இவையெல்லாம் வேண்டும். மனித ஞாபகத்தில் இருப்பதில் எவ்வளவை இயந்திரத்துக்கு மாற்ற முடியுமோ மாற்றத்தான் வேண்டும். அம்மாவின் எட்டு கிலோ தராசிலேயே பதிவாகியிருந்தால் நோட்டே வேண்டாம்தான். ஆனால் என் கேமரா கருவி ஏன் முதலில் நிற்க வேண்டும் என்பது ரஸ்டுக்கும் தானாகத் தெரியாது. அது கருவியோடு பழகிய மூன்று வாரத்தில் எனக்குத் தெரிந்தது. யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆகவே என் விமர்சன அளவுகோல் எளியது. ஒரு திருத்தக் குறிப்பு நல்லதா என்பதற்கு, அதை எழுதியவர் போனபின், அவசரத்தில் இருக்கும் ஒரு புதிய ஆள் அந்த வரியை நீக்கக் கைவைக்கும்போது அது அவர் கையைப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். லினஸின் குறிப்பு பிடிக்கும். என்னுடையது தட்டிக்கொடுத்து அனுப்பியது.

போன மாதம் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தோம். குறிப்பை நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். ஆறு பத்தி. எந்தத் தேதியில் யார் இதை முதலில் எழுதியது, ஏன் உண்மைக் காரணம் மறைக்கப்பட்டது, அதை நீக்கியவர் கையில் இருந்த தகவலின்படி அவர் செய்தது ஏன் சரி என்று. அனுப்புவதற்கு முன் அவளுக்கு அதை அனுப்பி, உங்கள் பெயர் இதில் வரலாமா என்று கேட்டேன்.

“என் பேர் வேணாம் சார், உங்க பேர் மட்டும் இருக்கட்டும்” என்றாள்.

அப்படியே செய்தேன்.